வட்ட மேசைக் கணக்கைக் கண்டு நடுங்கியவள் நான்

எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி மையத்தை நோக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்த வரி தெரியும். ரீசனிங் பகுதியில் இது வராத தேர்வே இல்லை. ஏ-க்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள் யார், பி-க்கு எதிரே யார் என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு இது கணக்கு. எனக்கு நாலு வருடம் இது ஒரு நோய். வாசித்த உடனே கை நடுங்கும். உள்ளங்கை வியர்க்கும். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். இதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் பியூலா. வயது முப்பது முடிந்துவிட்டது. தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அண்ணனுக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறான். நான் தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். மற்றவர்களுடைய தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்தேன். அவர்களில் சிலர் பிறகு வேலை கிடைத்து லட்டு கொண்டுவந்து தருவார்கள். வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

முதல் தேர்வு எழுதப் போன அன்று அம்மா நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருதயக் கோளாறு. இரண்டு நாளாகக் கொஞ்சம் தேறியிருந்தாள். நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். அம்மா விடவில்லை.

"நீ போ மக்கா. எழுதிட்டு வா. நான் எங்க போவப் போறேன்?" என்றாள்.

போனேன். போனை அணைத்துப் பையில் வைத்து, பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்று வந்த வட்ட மேசைக் கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். ஏழு பேரை உட்கார வைத்துவிட்டேன். எட்டாவது ஆள் எங்கேயும் பொருந்தவில்லை. அழித்தேன், மறுபடி போட்டேன். விடாமல் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து போனைப் போட்டால் அண்ணன் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறான். நான் அந்த எட்டாவது ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் படிக்காமல் இல்லை. பஸ்ஸில் படித்தேன், சென்டரில் கூட்டமில்லாத நேரத்தில் படித்தேன். உறவு முறைக் கணக்கு, திசைக் கணக்கு, சங்கேத எழுத்து, கூற்றும் முடிவும், எல்லாம் வரும். எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தால் மட்டும் மூளை நின்றுவிடும். வரிசையாக நாலு தேர்விலும் ரீசனிங் பகுதியில்தான் போனேன். பயிற்சி வகுப்பு நடத்துகிற சார், "அத விட்டுட்டு மத்தத போடு" என்றார். பாதி மார்க் அதில் இருக்கும்போது எதை விட?

அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம்கூடப் பேசவில்லை. சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் எழுதிப் போடுவேன், "வேலைக்காக" என்று. அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு வரும், போகும். அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போவார். அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. நாலாவது தேர்வு முடிவு வந்த அன்று மட்டும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மதி மக்களே. போதும். நீ இப்பிடி உருகுகத என்னால கண்டுட்டு இருக்க முடியல்ல."

அதைக் கேட்டு அழுகை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வெறும் அசதிதான். நான் எழுதக்கூடிய தேர்வு இனி ஒன்றுதான் பாக்கி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்து போனபிறகும் நான் பெஞ்சிலேயே இருந்தேன். பக்தியாக இருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை. அப்போது ஜெபித்தேன். நல்ல வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குக் களைத்துப்போச்சு. ஒன்று இந்தப் பயத்தை எடும். இல்லையென்றால் இந்த ஆசையை எடும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை." இவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை சென்டருக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு கண்ணும் தெரியாது. பெயர் பகவதி. அவர்கள் வயல்காரக் குடும்பம், கல்குளம் தாலுகாவில் உள்ளடங்கிய ஓர் ஊர். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் கண் போயிருக்கிறது. அதற்கப்புறமும் பி.ஏ. முடித்திருக்கிறாள். அதே வங்கித் தேர்வுக்குத்தான் விண்ணப்பம். நிரப்பிக் கொடுத்தேன். கிளம்புகிற நேரத்தில் அவள் கேட்டாள்:

"அக்கா, ரீசனிங் கணக்கு வாசிச்சுத் தர யாராவது உண்டுமா? எனக்க தம்பி வாசிச்சுத் தந்துட்டு இருந்தான். அவனுக்குச் சென்னையில சோலி கிடைச்சுப் போயிட்டான். போனை வாசிக்க விட்டா அது கடகடன்னு ஓடிரும். ஆளு வாசிச்சாத்தான் எனக்கு நிக்கும்."

நான் ஓடி ஒளிகிற அதே கணக்கை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்கிறாள்.

"எனக்கு நேரம் இல்ல," என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "சாரமில்ல அக்கா, நான் வேற ஆளப் பாக்கேன்," என்று போய்விட்டாள். வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் என் மனம் என்னைக் குத்தியது. ஆனாலும் திருப்பிக் கூப்பிடலாம் என்று தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் மறுபடியும் அம்மாவும் மகளும். இணையத்தில் ஏற்றிய சான்றிதழ் தெளிவாக இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டதாம். அத்தனை வருடத்தில் எனக்கு அப்படித் தவறு வந்தது குறைவு. வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்:

"மத்தியானம் ஒன்றரைக்கு இங்க கூட்டம் இருக்காது. வந்தா வாசிச்சுத் தாறேன்."

இப்படித் தொடங்கியது. வாரத்தில் நாலு நாள், மத்தியானம் ஒரு மணி நேரம். அந்த அம்மா ஓரத்தில் உட்கார்ந்து பூ கட்டுவாள். பகவதி ஒரு எவர்சில்வர் தட்டும் சின்ன டப்பாவும் கொண்டுவருவாள். டப்பாவுக்குள் எட்டுச் சாமான்: புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், ஏலக்காய், குன்றிமணி, ஒரு சாவி, இப்படி. ஒவ்வொன்றும் ஓர் ஆள். நான் வாசிக்க வாசிக்க அவள் விரலால் தடவித் தட்டின் விளிம்பைச் சுற்றி வைப்பாள்.

முதல் நாள் என் குரல் நடுங்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பைய வாசியுங்க அக்கா, யாரும் விரட்டல்ல," என்றாள். ஒரே கணக்கை ஐந்து தடவை வாசித்தேன். அவள் ஐந்தாவது தடவையில் முடித்தாள். நான் புத்தகத்தைப் பார்க்காமல் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்காமல் ஒரு வட்ட மேசைக் கணக்கு முடிந்ததை நாலு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். பகவதி சொன்னாள், "ஏ, பி, சி எல்லாம் எனக்குக் குழம்புது அக்கா. ஆளு பேரு வச்சு வாசியுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எட்டுப் பேரு."

நான் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா, அண்ணன், அண்ணி, சென்டர் ஓனர், பக்கத்து வீட்டு ரோஸ்லி அக்கா, பகவதி, பகவதியின் அம்மா. ஏழு பேர் ஆயிற்று. எட்டாவதுக்கு வாய் திறந்தால், "எனக்க அம்ம," என்று வந்துவிட்டது.

வாசித்தேன். கடைசிக் குறிப்பு இது: எட்டாவது நபர், முதல் நபருக்கும் மூன்றாவது நபருக்கும் பக்கத்தில் இல்லை. "எனக்க அம்ம, அப்பாவுக்கும் அண்ணிக்கும் பக்கத்தில் இல்லை" என்று வாசிக்க வேண்டும். "பக்கத்தில்" என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். மேலே போக முடியவில்லை. நாலு வருடமாக வராத அழுகை அந்தக் கடைக்குள் வந்தது.

பகவதி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, தேர்வு, அணைத்து வைத்த போன், பொருந்தாத எட்டாவது ஆள்.

"அப்பம் அவங்களுக்குப் பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"அண்ணன் இருந்தான்."

"கையப் பிடிச்சுட்டு இருந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். அவன் சொன்னான்:

"நான் கையப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன்ட்டி. அம்ம கேட்டா, 'அவ எழுதிட்டு இருப்பாளா?'ன்னு. எழுதிட்டு இருப்பான்னு சொன்னேன். 'நல்லாருக்கட்டு'ன்னு சொன்னா. அதுதான் கடைசி. நீ கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்ல. எனக்கும் சொல்லப் பேடி, நீ தாங்கமாட்டியோன்னு."

அம்மா தனியாகப் போகவில்லை. என்மேல் கோபத்தோடும் போகவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற சந்தோஷத்தோடு போயிருக்கிறாள். நாலு வருடம் இந்தச் செய்தி நாகர்கோவிலில் என் அண்ணனிடம் இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்க வைக்க ஆண்டவர் பகவதியை அனுப்ப வேண்டியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பகவதி வருடாவருடம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போகிறவள். எனக்கு உதவி வருமானால் சபைக்குள்ளிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். பதில் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று ஆண்டவருக்கே நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெருமையையும் அவர் எடுத்துப்போட்டார்.

தேர்வன்று நல்ல மழை. ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் நடந்தது. ரீசனிங் பகுதிக்கு இருபது நிமிஷம். இரண்டாவது திரையிலேயே எட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளங்கை வியர்த்தது. பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். பழைய மாதிரியே வந்தது. கையை மேசைமேல் விரித்து வைத்து, "ஆண்டவரே, நீர் இருக்கிறீர்," என்று மட்டும் சொன்னேன். பிறகு யாரோ பைய வாசித்துத் தருவதுபோல் உதட்டுக்குள் வாசித்தேன். ஒவ்வொருவராக இருத்தினேன். எட்டாவது ஆளும் உட்கார்ந்தார். இன்னொரு கணக்கை முடிக்க நேரமில்லாமல் விட்டேன். விட்டதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்ததுக்குப் போனேன். எனக்கு அதுதான் அற்புதம்.

முதல்நிலையில் இரண்டு பேரும் தேறினோம். முதன்மைத் தேர்வுக்குப் படித்ததும் அதே மத்தியான நேரத்தில், அதே தட்டில்தான். இறுதிப் பட்டியல் வந்தபோது பகவதியின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அவள் போனில் அழுதாள். நான் அழவில்லை. பழைய அசதி கொஞ்சம் வந்தது, உண்மைதான். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போனேன், அவள் வேலையில் சேரத் தேவையான படிவங்களை நானே நிரப்பினேன். பயத்தை எடும் அல்லது ஆசையை எடும் என்று கேட்டிருந்தேன். பயத்தின் பிடியை எடுத்துவிட்டார். அதற்குமேல் அவருடைய விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, காத்திருப்புப் பட்டியலிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அப்பாவிடம் காட்டினேன். வாசிக்கக் கண்ணாடி தேடினார், கிடைக்கவில்லை. "நீயே வாசி மக்களே," என்றார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இப்போது ராமநாதபுரம் பக்கம் ஒரு சின்னக் கிளையில் கிளார்க்காக இருக்கிறேன். தூரம்தான். வேலையும் சுளுவு இல்லை, இப்போதும் களைத்துப்போய்த்தான் அறைக்கு வருகிறேன். ஆனால் இந்தக் களைப்பு வேறு. படுத்தால் தூக்கம் வருகிறது. அண்ணனோடு வாரம் தவறாமல் பேசுகிறேன், அம்மாவைப் பற்றியும் பேசுகிறோம். ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் கண் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு வாசித்துக் கொடுக்கிறேன்.

என்னைப்போல் களைத்துப்போய் இங்கே யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். அழகான ஜெபம் வரும் என்று காத்திருக்காதீர்கள். களைப்போடேயே சொல்லுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் பதில் நீங்கள் நினைத்த உருவத்தில் வராது. உங்களுக்குப் பிடிக்காத ஒரு வேலையாக, வேளை கெட்ட வேளையில் வாசலில் வந்து நிற்கலாம். நான் முதல் நாள் அதைத் திருப்பி அனுப்பினேன். மறுநாளும் வெயிலில் இரண்டு பஸ் மாறி அது என்னைத் தேடி வந்தது. கர்த்தர் அவ்வளவு பொறுமையுள்ளவர். அவருக்கே எல்லா ஸ்தோத்திரமும்.