ஒப்பணக்காரத் தெருவில் எடுத்த கூரைச்சேலை

அக்காவின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் கோயமுத்தூர் போன வேனில் பதினோரு பேர் இருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய தங்கை, சொந்தக்காரப் பெண்கள் ஐந்து பேர் என்று அந்தப் பக்கம் ஏழு பேர். எங்கள் பக்கம் அம்மா, சித்தி, அக்கா, நான். மாப்பிள்ளை வரவில்லை, அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அன்றைக்கு ஷிப்மெண்ட். அப்பாவும் வரவில்லை. சாமளாபுரத்தில் அவர் ஓட்டிய விசைத்தறி அவருடையது அல்ல. வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்பதெல்லாம் தறி முதலாளிக்கு ஒரு பொருட்டில்லை. ஆக, எங்கள் வீட்டின் சார்பில் பேச அன்று இருந்த ஒரே ஆண் நான். பத்தொன்பது வயது. கோயமுத்தூரில்தான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பெருமையைச் சட்டைப் பையில் குத்திய பேனா மாதிரி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

அக்கா திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று தடவிப் பார்த்து, உள்ளே வெளியே திருப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ தென்பட்டால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். பதினான்கு வயதில் போனவள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பொத்தான் தளர்ந்திருந்தால் என் சட்டையில் ஓர் அம்பு, தலையணை உறையில் ஓர் அம்பு. ஒருநாள் காலரில் இருந்த அம்பைக் கவனிக்காமல் கல்லூரிக்குப் போய்விட்டேன். "என்றா மாப்ளே, உன்னைய ஊட்டுலயே ரிஜக்ட் பண்ணிப்போட்டாங்களா?" என்று வகுப்பே சிரித்தது. மாலையில் வந்து அவளிடம் எரிந்து விழுந்தேன். "பட்டன் வழியில உழுந்திருந்தா யாரு தேடறது கண்ணு?" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடியே.

அவளுக்கு அப்போது இருபத்தேழு. அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. "கம்பெனிக்குப் போற புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு, காப்பித் தம்ளரைக் கீழே வைத்து எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த இடம் ஒரு வருடம் இழுத்துத்தான் முடிந்தது. அதனால் வேன் கிளம்பும்போதே அம்மா எங்கள் மூவரிடமும் தனியாகச் சொல்லியிருந்தாள்: "அவங்க எதைய எடுத்தாலும் நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. வாயத் தொறந்து வேற ஒண்ணும் பேசப்படாது."

உக்கடத்தில் வேனை நிறுத்திவிட்டு நடந்தோம். ஒப்பணக்காரத் தெருவில் வேனை நிறுத்த விடமாட்டார்கள். டவுன்ஹால் பக்கத்து நெரிசலில் பதினோரு பேரைக் கூட்டிப்போவது லேசான காரியம் இல்லை. ஒருத்தி வளையல் தள்ளுவண்டியில் நின்றுவிடுவாள், இன்னொருத்தி பாத்திரக் கடைக்குள் எட்டிப் பார்ப்பாள். நான் முன்னால் போய், பஸ்களுக்குக் கைகாட்டி, எல்லோரையும் ஒரே மூச்சில் ரோட்டைத் தாண்ட வைத்தேன். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் தோளைத் தட்டி, "தம்பி மட்டும் இல்லீன்னா நாமெல்லாம் இந்தக் கூட்டத்துல காணாமப் போயிருப்போமுங்க சம்பந்தி. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். அம்மாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே.

நடைபாதையில் ஒருவன் பனியன்களைக் குவித்துப் போட்டு ஏலம் விடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். அக்கா போகிற போக்கில் ஒன்றை எடுத்தாள், இரண்டு தடவை திருப்பினாள், "கைப்பக்கம் ஹோல் இருக்குதுங்க" என்று சொல்லிக் குவியலில் போட்டாள். அவன் பார்த்தான், ஓட்டையைக் கண்டுபிடித்தான், சிரித்துவிட்டான். "அக்கா திருப்பூருங்களா? கையப் பாத்தாலே தெரியுதுங்களே!" எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார்.

பட்டுக்கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். தாலி கட்டும்போது உடுத்தும் கூரைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுப்பார்கள். பெண்ணிடம் "புடிச்சிருக்குதா அம்மிணி?" என்று கேட்பார்கள், பெண் தலையாட்டுவாள். அவ்வளவுதான் முறை. ஒன்றரை மணிநேரம் சேலைகளை விரித்து மலைபோலக் குவித்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா அரக்கு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தார். உண்மையிலேயே அழகான சேலை. அதை அக்காவின் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு அவள் மடியில் வைத்தார்கள். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழே விரித்த துணி. அவள் கை தானாக ஓட ஆரம்பித்தது. முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கை நின்றது. கைப்பைக்குள் போனது. அடுத்த நொடி, அரக்குப் பட்டின் மேல் ஒரு மஞ்சள் அம்பு இருந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை. பதின்மூன்று வருடம் செய்த கை அது. ஒட்டி முடித்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, அம்மாவைப் பார்த்து, மெதுவாக. "நாங்க எடுக்கற கூரைக்கே உங்க பொண்ணு சீட்டு ஒட்டுதுங்களே."

"நாளைக்கு நம்ம பையனுக்கும் ஒண்ணு ஒட்டிப்போடும் போக்கா" என்றார் அவர் தங்கை. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

"அதில்லீங்க அத்தை," என்றாள் அக்கா. "இங்க கிழிஞ்சு இழை ஓட்டியிருக்குதுங்க."

கடைக்காரப் பையன் உடனே, "பட்டுன்னா முடிச்சு இருக்குமுங்கம்மா. அதான் ஒரிஜினலுக்கு அடையாளமே" என்றான். மாப்பிள்ளையின் அம்மா சேலையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "பொம்பளைங்க நாங்க என்னத்தக் கண்டோம். தம்பி படிச்சவன். அவனே பாத்துச் சொல்லட்டும்."

நான் பார்த்தேன். விளக்குக்கு நேரே பிடித்ததும் தெரிந்துவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, நிறம் ஒரு துளி மாறிய நூலால் பின்னி அடைத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பிழையைக் காட்டிவிட்டு சூப்பர்வைசர் ஆமாம் என்று சொல்லட்டும் என நிற்பாளே, அந்தப் பார்வை. அம்மா என்னைப் பார்க்காமல் மெத்தையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க அத்தை. முடிச்சுத்தானுங்க" என்றேன். அம்பை நகத்தால் கீறி எடுத்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "அக்கா, இது பனியன் இல்ல, பட்டு" என்று சேர்த்துச் சொன்னேன். இந்த முறை மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார்.

கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பயம் பாதிதான். மீதிப் பாதி, அத்தனை பேர் நடுவில் என்னைப் படித்தவன் என்று சொல்லித் துணியை என் கையில் கொடுத்தார்களே, அந்தச் சுகம். அதை அவர்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேனுக்குத் திரும்பி நடக்கும்போது அக்கா என் பக்கத்தில் வந்தாள். "பாத்தியல்ல?" என்றாள். "பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்தோம். "செரி" என்றாள்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, அக்காவும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். அலங்காரம் செய்ய வந்த பெண் அக்காவின் தோளில் ஊக்கு குத்தியிருந்தது அந்த ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில். நான்காவதோ ஐந்தாவதோ முறை குனிந்தபோது சேலை கிழிந்தது. ஒரு சாண் நீளம். நாதஸ்வரம் நின்றிருந்த நேரம், சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சித்தி ஓடிப்போய் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

"கடையில எடுக்கும்போது ஒரு குத்தமும் இல்லீங்க," என்று மாப்பிள்ளையின் அம்மா மணமேடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பொண்ணோட தம்பியே லைட்டுல புடிச்சுப் பாத்துத்தான் சொன்னான். கேட்டுப் பாருங்க. இவளுக்கு அன்னைக்கே இந்தச் சேலை புடிக்கல. வேணுமின்னே இழுத்துக் கிழிச்சிருக்கறா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். இரண்டாவது முறையாக எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்திருந்தது. நான் பந்தியைக் கவனிக்கப் போகிறவன் மாதிரி மேடையை விட்டு இறங்கிப் போனேன்.

அக்காவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். கல்யாணத்தோடு வேலையை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவள் எது சொன்னாலும், அரிசியில் கல் என்றாலும் பால் திரிந்திருக்கிறது என்றாலும், "ஆமா, கூரையிலயே குத்தம் பாத்தவ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாகச் சொன்னதில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது என் சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அதில் பட்டதை நான் பார்த்தேன். பார்வையை எடுத்துக்கொண்டு, "சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா கண்ணு?" என்று கேட்டாள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே, கிழிந்த கூரையோடு வந்தவளை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, மூன்றாம் நாள் விருந்துக்குள் பிறந்த வீட்டிலிருந்து அதே கடையில் அதேபோல ஒரு சேலை வர வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா தறிக்குப் போகாமல் என்னோடு வந்தார். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். அவருக்கு அந்தத் தெருவெல்லாம் புதிது. ரோட்டைத் தாண்டும்போது சின்னப் பிள்ளை மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடை மெத்தையில் உட்காராமல் நின்றுகொண்டே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரித்த சேலைகளைப் பார்த்தார். அரக்கில் ஒன்றை எடுத்து வைத்த பிறகு கேட்டார்:

"அன்னைக்கு அவ ஒண்ணுமே சொல்லலியா சாமி? அவ கண்ணுல படாம இருக்காதே."

"சொல்லுச்சுங்கப்பா."

"அப்பறம்?"

"நாந்தான் ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டனுங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தறி ஓட்டுகிறவர், அவருக்குத் துணி தெரியும். பிறகு கடைக்காரப் பையனைப் பார்த்து, "பில்லுப் போடுங்க" என்றார். சட்டையின் உள்பையிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி, மறுபடி ஒருமுறை எண்ணி மேசையில் வைத்தார். அவர் மூன்று மாதம் தறி ஓட்டினால் வருகிற பணம். எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.