இரண்டு விரல் அகலக் கடல்

கித்துல்கல பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கல்யாணத் தரகு பார்க்கும் ராமச்சந்திரனிடம் கேட்டால், தான் பொய்யே சொன்னதில்லை என்பார். மாப்பிள்ளைக்கு வழுக்கை என்றால் நெற்றி அகலம் என்பார், அவ்வளவுதான். மழை பெய்து பால்வெட்டு நிற்கிற நாட்களில்தான் அவர் தொழில் சூடுபிடிக்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்களே!

அப்படியொரு மழைநாளில் தோட்டத்து லயன் வரிசையில் இருந்த சின்னம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தார். சின்னம்மாவின் மூத்த மகள் சுமித்ரா, மாலைதீவின் தென்கோடியில் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். இவர் கொண்டுபோன மாப்பிள்ளை மதுசனும் மாலைதீவில்தான் சமையல்காரன்.

“நம்ம புள்ள இருக்கிற எடத்துலேருந்து பிளேன்ல ஏறினா அரை மணி நேரந்தான் தங்கச்சி. இங்கேருந்து ரத்தினபுரிக்குப் போறதைவிடக் கிட்ட” என்றார்.

சின்னம்மா நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை லீவில் மீன்குழம்பு வைத்து எடுத்துப்போய் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

சுமித்ரா சிரித்து ஓய்ந்த பிறகுதான் விவரம் சொன்னாள். மதுசன் இருப்பது வடகோடியில். அவனுக்கு ஹனிமாது விமான நிலையம், இவளுக்குக் கான். நடுவே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். இலங்கையின் வடக்கு முனை பருத்தித்துறையிலிருந்து தெற்கு முனை தெய்வேந்திரமுனைக்குப் போய்த் திரும்புகிற தூரம். நேரே பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அப்படிப் போகிற விமானம் எதுவும் அவளுக்குத் தெரிந்து இல்லை. தலைநகர் மாலேயில் இறங்கி, அடுத்ததுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். குழம்பு போய்ச் சேருவதற்குள் ஊசிப்போகும்.

தரகருக்கு ஆள் போனது. வந்தவர் அசரவில்லை.

“போன்ல தேசப்படத்துல பார்த்தேன் தங்கச்சி. ரெண்டு விரல் அகலந்தான் இருந்திச்சு.”

“யாரு விரலுண்ணே?”

ராமச்சந்திரன் தன் கையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சொன்னதற்காக அவர் வெட்கப்படவில்லை. படத்தை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிப் பார்த்திருக்கலாமே என்றுதான் மனது அடித்துக்கொண்டது.

சின்னம்மா அவருடைய குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுமித்ராவின் அழைப்பு வந்தது; அவள் குரல் தரகருக்கும் கேட்டது.

“தரகரை ஏசாதீங்கம்மா. அந்தத் தூரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நெனைக்கிறீங்க? நம்பர் கெடைச்ச அன்னைக்கே மதுசன் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ரொம்பத் தூரம், நெனைச்ச நேரம் வர முடியாது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. எனக்கு அவரைப் புடிச்சிருக்கும்மா.”

விரித்த குடையை ராமச்சந்திரன் நிதானமாக மடக்கினார்.

“அதான் தங்கச்சி, பையன் உண்மை பேசுறவனான்னு பார்க்கத்தான் நான் அப்படிச் சொல்லி வச்சேன்.”

சொல்லி முடித்தபோது அவருக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது.

ஆவணியில் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மதுசன் வடக்கு வேலையை விட்டுவிட்டு, தெற்கே சுமித்ரா இருக்கும் தீவுக்கே உதவிச் சமையல்காரனாக இறங்கி வந்துவிட்டான். முன்பு அவனுக்குக் கீழே பத்துப் பேர். இப்போது அவனே வெங்காயம் உரிக்கிறான். ஆனால் அவளோடு பேச இனிப் போன் தேவையில்லை என்பதுதான் அவனுக்குச் சந்தோஷம்.

போன வாரம் ராமச்சந்திரன் சின்னவளுக்கும் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பக்கத்துத் தோட்டம், மலையைத் தாண்டினால் வீடு என்றார். சின்னம்மா அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தாள். பிறகு புருஷன் பழனியாண்டியைக் கூப்பிட்டு, அந்த வீட்டுக்கு ஒருதரம் நடந்து போய்விட்டு வரச் சொன்னாள்.

தேத்தண்ணீர் ஆறிவிட்டது. பழனியாண்டி இன்னும் வரவில்லை. ராமச்சந்திரன் எழுந்துபோகவும் வழியில்லாமல், மழை நன்றாகப் பெய்கிறது என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.