ஆறாவது மாடி வராந்தா

நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள். கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. பாலிகஞ்சில், போன ஆகஸ்டில், பட்டப்பகலில்.

கேமரா போடுவதுதான் என் பிழைப்பு. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கும் மேல் கேமராக்கள். பதிவுகளைச் சேர்த்து வைக்க எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பதிவாகிற மாதிரி பெரிதாக வாங்குங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். செயலாளர் சிவராமகிருஷ்ணன், ரிட்டயரான பேங்க் ஆபீசர், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"காலி வராந்தாவை எதுக்குப்பா ரெக்கார்ட் பண்ணணும்? ஆள் நடமாடினா மட்டும் பண்ணு. சின்ன டிஸ்க் போறும்."

சரி, என்னிடம் இருக்கும் சின்ன டிஸ்க்கைப் போட்டு ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பார்ப்போம் என்றேன். மல்லுக்கட்ட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிகிறது! எல்லாம் ஒரே கேமராவின் வேலை. ஆறாவது மாடி வராந்தா. அங்கே குடியிருப்பவர் சாவித்ரி மாமி மட்டும்தான். தனி ஆள். மற்ற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பதிவை ஓட்டினேன். காலி வராந்தா. மணிக்கணக்காகக் காலி வராந்தா.

லென்ஸில் சிலந்தி வலை கட்டினால், அது ஆடுவதையே ஆள் நடமாட்டம் என்று நினைத்துக் கேமரா இப்படிப் பதிவு செய்யும். என் தலையெழுத்து என்று துணியோடு மேலே போனேன். என்னோடு வேலை செய்யும் ரோஹிணி, கீழே கண்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தபடி போனில் இருந்தாள். எது அசைந்தாலும் திரையில் அதன்மேல் பச்சைக் கட்டம் விழும்.

வலை இல்லை. தூசிகூட இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.

"இப்ப சரியா?"

"இல்லண்ணா... ரெண்டு இடத்துல கட்டம் விழுது. ஒண்ணு நீங்க."

"இன்னொண்ணு?"

"மாமி வீட்டு வாசல்ல. ஆள் உயரத்துக்கு."

பார்த்தேன். மூடிய கதவு. மிதியடி. யாருமில்லை.

"நகருதுண்ணா... உங்ககிட்ட வருது."

சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நின்னுடுச்சு."

"எங்க?"

"உங்க பக்கத்துல..."

அப்போது கேட்டது. கதவுக்கு உள்ளேயிருந்து...

முனகல்.

ஐயோ, மாமி! பயம் போன இடம் தெரியவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கதவை உடைத்தோம். மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது. ஏதோ நல்ல ஆத்மாதான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறது என்று ரோஹிணி அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தேன்.

கதவை உடைத்ததிலிருந்து அந்தக் கேமரா அடங்கிவிட்டது. செயலாளருக்கு ஏக சந்தோஷம். சின்ன டிஸ்க்கே வாங்கினார்.

மாமியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"எப்ப மாமி விழுந்தீங்க?"

"அன்னிக்குக் கார்த்தாலதான்."

அப்படியானால் அதற்கு முன் ஒரு வாரம், அது அங்கே எதற்கு நடமாடியது?

"கதவை யாருப்பா திறந்தா?"

"நாங்கதான் மாமி. உடைச்சோம்."

மாமியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு வாரமா யாரோ பெல் அடிச்சிண்டே இருந்தா. கதவு ஓட்டை வழியாப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. அதான் நான் திறக்கவே இல்ல..."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள விட்டுட்டேளேப்பா..."

மறுநாள் டிஸ்சார்ஜ். போவதற்கு மாமிக்கு வேறு வீடு இல்லை.