கண்ணாடியக்காவின் வெயில்

வலது கால் கதவோரத்துத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே இடது கால் வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குப் போகும். அங்கே செங்கல்லில் சாய்ந்து நிற்கும் நிலைக்கண்ணாடித் துண்டைப் பெருவிரலால் ஒரு நெட்டு நெட்டும். நழுவப் பார்த்த வெயில் மறுபடி ஊசிக்கு வந்துவிடும். தலை நிமிர்வதே இல்லை. பழைய துணியைப் பிரித்துத் தைப்பதில் பேர் வாங்கிய இவளைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஜன்னல் என்று ஒன்றே இல்லாத பின்னறை அவளுடையது. பல்பு வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது என்பது அவள் கட்சி. குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து வருவதால் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தால் போதும். கோடையில் அதையே பாதி மல்லாத்தி, வெள்ளையடித்த கூரைக்கு வெளிச்சத்தை அனுப்பி, அங்கிருந்து கீழே வாங்கிக்கொள்வாள். மழைக்காலம்தான் சனியன். கறுப்புத் துணியோடு வருகிறவர்களை அப்போது வாசலிலேயே திருப்பிவிடுவாள். “கறுப்புல கறுப்பு நூல் ஓட்ட எனக்கென்ன ஆந்தைக் கண்ணா? வெயிலடிச்சதும் வாங்க.”

அப்பா போனபிறகு வீட்டைப் பிரித்தபோது, தெருப்பக்கத்து ஜன்னல்களெல்லாம் அண்ணன் பங்குக்குப் போயின. புருஷன் வேண்டாமென்று ஒரு நிலைக்கண்ணாடியோடு திரும்பி வந்தவளிடம் அவன் சொன்ன நியாயத்தை அவள் இன்னும் அதே குரலில் சொல்லிக்காட்டுவாள்: “ஒத்த ஆளு நீ. மிஷின் போட ஒரு மூல போதாதா?” அந்தக் கண்ணாடியை முற்றத்துச் சுவரில் மாட்டி வெயில் பிடித்தாள். மத்தியானத் தூக்கத்தில் கண் கூசுகிறது என்று அண்ணன் வந்து பிடுங்கினான். இரண்டாக உடைந்தது. அவள் எதையும் தூக்கிப்போடவில்லை. பெரிய துண்டு ஊசிக்கு, சின்னத் துண்டு துணி வெட்டும் பலகைக்கு. அண்ணனோடு பேச்சு மட்டும் நின்றுபோனது.

வீட்டுக்கு முன்னாலிருந்த காலிமனையை நல்ல விலைக்கு விற்றவனும் அவனேதான். வாங்கியவன் வானத்துக்குக் கட்டிடம் எழுப்பினான். அண்ணன் வீட்டு ஜன்னல்களைத் திறந்தால் இப்போது சிமெண்டுச் சுவர். இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பகலிலும் பல்பு எரியும் அறையில் கிடக்கிறான்.

நேற்று அண்ணி முற்றத்தில் வந்து நின்றாள். “மூஞ்சில கொஞ்சம் வெயில் பட்டா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. அவரத் தூக்கி வெளிய போட என்னால முடியல. உன் கண்ணாடிய இந்தப் பக்கம் திருப்பேன்.”

மிஷினில் ஒரு கல்யாணக் கோட்டு இருந்தது. கறுப்பு. மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.  கண்ணாடியக்கா எழுந்து போய், சின்னத் துண்டைத் துணியால் துடைத்து, பெரியதன் பக்கத்திலேயே வைத்து, முற்றத்துக்கு எதிரிலிருந்த அண்ணனின் அறைவாசலைப் பார்க்கத் திருப்பினாள். அறைக்குள் அவன் முகம் சட்டென்று தெரிந்தது. எவ்வளவு கிழடு தட்டிவிட்டது!  மனசு இளகியதற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“கூசுதா?” என்று கேட்டாள்.

“இல்ல பாப்பா,” என்று அவன் குழறினான். “நல்லாத்தான் இருக்கு.” கூசியது கண் இடுங்கியதிலேயே தெரிந்தது.

அவள் மிஷினுக்குத் திரும்பினாள். கோட்டின் ஒரு கை தைத்து முடிவதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. அண்ணன் முகத்திலிருந்த வெளிச்சம் நெற்றிக்கு ஏறி, தலையணைக்குப் போய், அங்கிருந்து சுவரில் தொற்றிக்கொண்டது. “பாப்பா” என்று ஒருமுறை குரல் வந்தது.

இடது கால் வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. இரண்டு துண்டுகளும் ஒட்டினாற்போல நின்றன. பெருவிரல் ஊசிக்கான பெரிய துண்டை மட்டும் ஒரு நெட்டு நெட்டிவிட்டு, உள்ளே வந்துவிட்டது.