பாளையங்கோட்டை வழியாக ஜப்பானுக்கு

நாகர்கோவில் திருநெல்வேலி ரோட்டில் முதலில் ஒரு பஸ் விட்டேன். பிறகு அது ஏழாயிற்று. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து மாடி லாட்ஜ் கட்டினேன். அந்த மணலில் அஸ்திவாரம் நிற்காது என்று இரண்டு கொத்தனார்கள் கையை விரித்துவிட்டுப் போன இடம் அது. மார்த்தாண்டத்தில் மோட்டார் பட்டறை வைத்தேன். பட்டறை தொடங்கிய வருஷம் வெள்ளத்தில் பாதி போயிற்று. மறு வருஷம் முன்னைவிடப் பெரிதாகப் போட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தகப்பனார் கோட்டாறு சந்தைக்கு மாட்டுவண்டி அடித்தவர். கைதூக்கிவிட ஆள் கிடையாது. காலை வாரிவிட வேண்டிய மட்டும் ஆட்கள் உண்டு. இவை தவிர, ஒரு தம்பதியையும் ஒரு நாயையும் பதினோரு பெட்டிகளையும் ஜப்பான் போகும் உல்லாசக் கப்பலுக்குச் சேர்த்துவிட்டேன். அதுவும் நான் கட்டியதுதான். கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் கட்டியது.

ரப்பர் விலை ஏறி நின்ற காலம். குலசேகரத்துக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த முதலாளி ஒருவர் நாகர்கோவிலில் பங்களா கட்டிக் குடியிருந்தார். மிஷன் சபைக் கிறிஸ்தவர், பெரிய கை. கலியாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் நிறைந்ததைக் கொண்டாட மனைவியை அழைத்துக்கொண்டு கப்பலில் ஊர் சுற்றுவதென்று முடிவு செய்தார். கொழும்பில் கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்பலாம். கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம் உண்டு என்று படம் போட்ட புத்தகம் வந்திருந்தது. கடலுக்கு மேலே எதற்குக் குளம் என்று நான் கேட்கவில்லை. பணம் உள்ளவர்கள் விஷயம்.

கொழும்பு வரைக்கும் கொண்டு சேர்ப்பது யார் என்பதுதான் கேள்வி. எஸ்டேட் மானேஜர் பி.ஏ. படித்தவர்; மதராஸில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறது, அவர்களிடம் விட்டுவிடலாம் என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தூத்துக்குடியில் கொழும்புப் போட்டுக்கு, அதாவது கொழும்பு போய்வரும் சிறு கப்பலுக்கு, சீட்டுக் கொடுக்கும் ஆபீஸில் குமாஸ்தா ஒருவர் எனக்குப் பழக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

"வண்டிக்காரருக்குக் கப்பல் விஷயம் என்ன தெரியும்?" என்றார் மானேஜர், என்னை வைத்துக்கொண்டே.

"மதராஸ்காரனுக்கு ஆரல்வாய்மொழி ரோடு தெரியுமா சார்?" என்றேன். "மொதலாளி, நான் ஏத்திவிடுதேன். ஏத்தலேண்ணா அண்ணைக்குப் பொறவு அந்த ரோட்டுல என் பஸ் ஓடாது."

"பெரிய பேச்சு பேசுதீரு வே," என்றார் முதலாளி. ஆனால் வேலையை என்னிடம் கொடுத்தார்.

பேசிவிட்டு வந்த பிறகுதான் யோசித்தேன். அப்போது என்னிடம் இருந்தது மூன்று பஸ், ஒரு கார். அந்த ரோடு போனால் நான் மறுபடி மாட்டுவண்டிதான்.

ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தேன். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் எட்டக் கடலில் நிற்கும். ஆட்களை லாஞ்சு என்னும் மோட்டார்ப் படகில் கொண்டு போக வேண்டும். அதில் அந்த அம்மாளுக்குச் சாய்வு நாற்காலி ஒன்று போடச் சொன்னேன். கொழும்பில் இரண்டு நாள் தங்கக் கடற்கரை ஓட்டல் ஒன்றில், கோட்டாறு ஜவுளிக்கார மரைக்காயர் ஒருவர் மூலமாக இடம் பிடித்தேன். அவருக்கு அங்கே கடை உண்டு. மாடி அறைக்கு நாயை விடமாட்டோம் என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள்; தோட்டத்தைப் பார்த்த கீழ் அறையாக மாற்றி வாங்கினேன். கொழும்பைக் கண்ணால் காணாமலே இதையெல்லாம் செய்தேன்.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது. வெள்ளைச் சடை, முழங்கால் உயரம். அந்த அம்மாள் அதை "மக்கா, மக்கா" என்றுதான் கூப்பிடுவார். கூட வளர்ந்த கிளியை மானேஜர் வீட்டில் விட ஒப்புக்கொண்டார். நாயை விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. பெரிய கப்பலிலிருந்து பதில் வந்தது: நாய் வரலாம், மேல்தட்டில் கூண்டில் இருக்கும், கப்பலின் இறைச்சி வெட்டுகிறவர் அதைக் கவனித்துக்கொள்வார் என்று. மானேஜர் அதை இங்கிலீஷில் அப்படியே வாசித்துவிட்டார். அம்மாள் எழுந்து உள்ளே போனவர் இரண்டு நாள் ஜப்பான் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் போனேன். "எம்மா, கோட்டாறு கசாப்புக் கடை வாசல்ல நிக்க பட்டி நாய்களப் பாத்திருக்கியளா? அதுல மெலிஞ்சது ஒண்ணு காட்டுங்க."

அம்மாள் நாயின் சடையைக் கோதிவிட்டார். "செரிதான். ஆனா கொழுத்துப் போச்சுண்ணா நீருதான் பதில் சொல்லணும்," என்றார்.

புறப்படும் தேதி குமாஸ்தாவின் கடிதத்தில் வந்தது. தமிழில் எழுதியிருந்தார்: மாசி பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு டாக்டர் பார்வை, பத்து மணிக்கு லாஞ்சு. கிழமை போடவில்லை. எங்கள் பஞ்சாங்கத்தில் பத்தொன்பது செவ்வாய்க்கிழமை. மானேஜர் அதை வைத்து இங்கிலீஷில் ஒரு அட்டவணை டைப் அடித்தார். திங்கள் காலையில் நாகர்கோவிலில் புறப்பட்டு இரவு தூத்துக்குடியில் தங்குவது, செவ்வாய் கப்பல். எல்லாரும் சரி என்றோம்.

சனிக்கிழமை காலை வழி பார்க்க நானே காரில் போனேன். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் திருவிதாங்கூர்ச் சர்க்கார் ஆட்கள் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். துணிகளைக் கலைக்காமல் பார்க்கச் சொல்லிவிட்டு, மலைவாசலைத் தாண்டிப் பணகுடியில் காப்பி குடிக்க இறங்கினேன். கடைச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கிற்று. அதில் மாசி பதினேழு. நாகர்கோவிலில் அன்று பதினாறு.

"அண்ணாச்சி, ஒரு தாளு கூடக் கிழிச்சிட்டியளே," என்றேன்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீரு மலையாளத்து ஆளா? ஒம்ம ராசா தேதிய மலைக்கு அந்தப் பக்கமே வச்சுக்கிடும் வே. இங்க இன்னைக்குப் பதினேழுதான்."

தம்ளரைக் கீழே வைத்தேன். மாதம் பிறக்கிற நாழிகையை மலையாளப் பஞ்சாங்கம் ஒரு விதமாக வைக்கும், திருநெல்வேலிப் பஞ்சாங்கம் வேறு விதமாக வைக்கும். பல மாதம் இரண்டும் ஒத்துப்போகும். சில மாதம் நாங்கள் ஒரு நாள் பிந்தி நிற்போம். அந்த ரோட்டில் பத்து வருஷமாகப் போய் வருகிறவன் நான். ஆனால் பஸ்ஸுக்குக் கிழமைதான் கணக்கு, தேதி யாருக்கு வேண்டும்? தூத்துக்குடிக்காரர் அவர் ஊர்த் தேதியை எழுதியிருக்கிறார். அப்படியானால் பத்தொன்பது திங்கள்கிழமை.

வள்ளியூருக்கு விட்டேன். தந்தி அடித்துவிட்டுத் தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்றேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. போஸ்ட்மாஸ்டர் வாசித்துச் சொன்னார்: திங்கள். அடுத்த கொழும்புப் போட்டு ஒரு வாரம் கழித்துத்தான்; அதற்குள் ஜப்பான் கப்பல் கொழும்பை விட்டுப் போயிருக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பங்களாவில் மூன்று பேரையும் வைத்துச் சொன்னேன். மானேஜர் தம் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது? நான் கொடுத்த தேதிதான் இருக்கிறது. தப்பு என்னுடையது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வேறு யாராவது கண்டுபிடித்தார்களா என்று மட்டும் கேட்கிறேன்.

"அப்பம் நாளைக்கே பொறப்படுவோம்," என்றார் முதலாளி.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை," என்றார் அம்மாள்.

அந்தச் சபையார் ஓய்வுநாளில் பிரயாணம் போகமாட்டார்கள். அம்மாளின் தகப்பனார் சபையில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டாத வீட்டில் பிறந்தவர்.

"ஜப்பான் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் போனா எங்கப்பா குழிக்குள்ள பொரளுவாரு."

"திங்கள் விடியக்காலம் போனா?" என்றார் மானேஜர்.

"சவுக்கையில கம்பு தூக்குறது ஆறு மணிக்கு சார். தூத்துக்குடி போவ மத்தியானம் ஆயிரும். லாஞ்சு பத்துக்கு."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "இவ சொன்னா சொன்னதுதான். நானும் இருபத்தஞ்சு வருசமாப் பாக்கேன்."

நான் கிறிஸ்தவன் அல்ல. எனக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். ஆனால் அந்த அம்மாள் ஞாயிறுதோறும் காரில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"எம்மா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நீங்க கார்லதான போறிய?"

"அது கோயிலுக்கு."

"இதுவும் கோயிலுக்குத்தான். பாளையங்கோட்டையில சாயங்கால ஆராதனை உண்டு. காலம்பற ஆராதனைய இங்க முடிச்சிட்டு, சாயங்காலம் அங்க. ரெண்டு ஆராதனை. ராத்திரி அங்கேயே தங்கிருவோம். திங்கள் விடியக்காலம் பொறப்பட்டா எட்டு மணிக்குத் தூத்துக்குடி."

அம்மாள் யோசித்தார். "அது வேற சபைக்காரங்க கோயில்லா? அங்க முழங்கால் போடணும்."

"போட்டா என்னா? எறும்பா கடிக்கப் போவுது?" என்றார் முதலாளி.

"கோயிலுக்குப் பதினோரு பெட்டி யாரு கொண்டு போவா?"

"பெட்டிய இப்பவே ஏத்துதேன். அஞ்சு மணி பஸ்ஸு சவுக்கை மூடுமுன்னே தாண்டிரும். நாளைக்கு ஆளு மட்டும், வேதப்புஸ்தகத்தோட."

"மக்கா?"

"அதுவும் ஒரு ஆளுதான்."

மாலை ஐந்து மணிக்குப் பதினோரு பெட்டிகளும் பஸ் மேலே ஏறின. பாளையங்கோட்டையில் பங்களா ஒன்று ஒழித்து வைக்கச் சொல்லி டிரைவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும், பங்களா கிடைத்தது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, ஆறின சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மானேஜரையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டோம். காரை நானே ஓட்டினேன். நாங்குநேரி வரைக்கும் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பார்த்தால் பிரயாணம் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. பாளையங்கோட்டைக் கோயிலில் மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மூன்று பேரும் உள்ளே போனார்கள். நானும் நாயும் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். உள்ளே ஆர்கன் தொடங்கியதும் நாய் வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. கோயிலில் மணி அடிக்கிற கோயில்குட்டியார் வேகமாக வெளியே வந்தார்.

"யாருவே நீரு? நாயை எதுக்கு இங்க கொண்டாந்தீரு?"

"ஜப்பானுக்குப் போவுது."

"ஜப்பானுக்குப் போற நாய்க்கு இங்க என்ன சோலி?"

"ஆராதனைக்கு வந்திருக்கு," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு நாய்க்கு ரஸ்க் ஒவ்வொன்றாகக் கொடுத்து வாயை அடைத்தேன். கடைசிப் பாட்டு வரைக்கும் அது தாங்கியது. வெளியே வந்த அம்மாள் சேலையின் முழங்கால் பக்கத்தைத் தட்டிவிட்டார். "பாட்டு நல்லாத்தான் இருந்து," என்றார். அவ்வளவுதான்.

திங்கள் காலை எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தூத்துக்குடித் துறைக்கு வந்துவிட்டோம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பெட்டிகள் எண்ணிக்கை சரி. லாஞ்சில் சாய்வு நாற்காலி போட்டிருந்தது. அலை தூக்கியதால் நாய் இறங்க மறுத்து நாலு காலையும் பரப்பிக்கொண்டது. அம்மாள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி என் தோளைத் தட்டி, "ஏத்திட்டீரு வே," என்றார். பத்து மணிக்கு லாஞ்சு புறப்பட்டது. கப்பலின் புகை தெரிகிற மட்டும் நின்றுவிட்டு, மானேஜரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். வழி முழுவதும் அவர் தூங்கினார்.

ஜப்பான் வரைக்கும் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். நாய் கொழுத்துத்தான் வந்தது. அதற்காக நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. என் பஸ்களும் அந்த ரோட்டில் ஓடின. பிறகு முதலாளி தம் பிரயாணத்தை ஒரு புத்தகமாக அச்சடித்தார். எழுதிக் கொடுத்தவர் மானேஜர். எனக்கு ஒரு பிரதி வந்தது. எழுத்துக் கூட்டி, இரண்டு நாள் செலவழித்து வாசித்தேன். தேதியில் நேரவிருந்த குழப்பத்தை மானேஜர் தக்க சமயத்தில் உணர்ந்து, ஓய்வுநாளுக்குப் பங்கம் வராதபடி பாளையங்கோட்டை ஆராதனையையும் பிரயாணத்தில் சேர்த்தமைத்தார் என்று இருந்தது. வண்டியைப் பற்றி ஒரு வரி: "மோட்டார் வசதியும் கிடைத்தது."

கிடைத்ததாம். மழை கிடைத்த மாதிரி.

முதலாளி இருந்த மட்டும் நான் வாய் திறக்கவில்லை. என் தோளைத் தட்டியவர் அவர்; அவருக்குத் தெரியும், அது போதும் என்றிருந்தேன். இப்போது அவரும் இல்லை, மானேஜரும் இல்லை. முதலாளியின் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். மானேஜர் பெயரை நீக்கச் சொல்லவில்லை. அட்டவணை டைப் அடித்தவர் என்று இருக்கட்டும். அதற்குக் கீழே இந்த நாலு காரியமும் வரவேண்டும்: பணகுடியில் தேதியைக் கண்டது, வள்ளியூரில் தந்தி அடித்தது, பெட்டிகளை முந்தின நாளே அனுப்பியது, பாளையங்கோட்டை ஆராதனையைச் சொன்னது. இந்த நாலையும் செய்தவன் வண்டி ஓட்டியவன் என்று எழுதி, அவன் பெயரையும் போடவேண்டும். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வேண்டாம். மற்ற எழுத்து எந்த அளவோ அந்த அளவில். பெயரைப் பிழையில்லாமல் நானே எழுதி அனுப்புகிறேன்.