அலறிய புகைக்குழாய்

என்னைவிடப் பெரிய மடையன் எருமப்பட்டி–நாமக்கல் ரோட்டில் பஸ் ஓட்டியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் வண்டியின் புகைக்குழாய் அடிப்பலகைக்குக் கீழே விரிசல் விட்டு, வேட்டுப் போட்டதுபோல் அலறியது. நானோ மகிழ்ந்துபோனேன். சத்தம் கேட்டு ஜனங்கள் தோட்டத்திலிருந்தே ஓடிவந்து ரோட்டில் நின்றார்கள். ஹாரன் அடிக்கிற வேலை மிச்சம்!

ஒருநாள் அடைமழை. சாரலுக்குப் பயந்து பக்கத்துப் படுதாக்களை இறக்கிக் கட்டினோம். கொஞ்ச தூரம் போனதும், வெண்ணெய் விற்கப் போகும் செல்லாயி அம்மாள் அப்படியே சரிந்தார்.

"டைவருங்க, நிறுத்துங்க! அந்தம்மாவுக்குப் பேச்சு மூச்சில்லீங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

எனக்கும் தலை கிறுகிறுத்தது. விரிசலில் கசிந்த புகை, பலகை இடுக்கு வழியாக ஏறி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. கொட்டும் மழையில் அவரை இறக்கிப் படுக்கவைத்தோம். அவர் கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

நாமக்கல் பட்டறைக்காரர், விரிசல் மேலும் ஓடாதபடி அதன் இரு முனையிலும் சிறு துளை போட்டுவிட்டு, காஸ் வெல்டிங் வைத்து ஒட்டினார். "குழாய் ஒடஞ்சதுக்குச் சந்தோசப்பட்ட டைவரு நீ ஒருத்தன்தாஞ் சாமி" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் படுத்துப் புகை கசிகிறதா என்று பார்த்த பிறகே புறப்படுகிறேன்.

அடுத்த சந்தையன்று செல்லாயி அம்மாள் கூடையோடு நின்றிருந்தார். "இனிப் பயமில்லீங்கம்மா, ஏறுங்க" என்றேன்.

"குனிஞ்சு பாத்துட்டு வாரனுங்க."