பங்குக் கடிதத்தில் எங்கள் பெயர்

அப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையை உள்ளபடி சொல்வது மகளாகிய என் கடமை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். அப்பா தம் பெயரைக்கூட எழுத அறியாதவர். ஆகவே அவரைப் பற்றிய எழுத்து என் கையால் வரவேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊரில், ஒரு பெரிய வீட்டு வளவின் பின்புறக் கொட்டிலில் பிறந்தார். காணி எங்களுடையதல்ல. அடிமை முறை சட்டத்தில் ஒழிந்து நூறு வருடத்துக்கு மேலாகியும், அந்தக் காணியில் குடியிருந்த எங்கள் ஆட்கள் பெரிய வீட்டுக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தோட்டத்துக்கும் கூலி கேளாமல் போனார்கள். அப்பாவுக்கு ஒரேயொரு அண்ணன். பெரியப்பா கிணற்றுத் துலா மிதிக்க, அப்பா பட்டை பிடிப்பார். இருவரும் இறைத்த தண்ணீரில்தான் அந்தத் தோட்டம் விளைந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது பெரிய நயினார் இறந்தார். அந்த வீட்டு ஆண்களை எங்கள் ஆட்கள் நயினார் என்றே அழைப்பார்கள். அவருடைய மகன்மார் இருவரும் சொத்தைப் பிரித்தார்கள். நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தில் காணிகள் மட்டும் இருந்தன. மற்றவற்றை அவர்கள் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். முற்றத்தில் அதை உரத்து வாசிக்கும்போது அப்பா வேலியோரம் நின்று கேட்டார். வன்னி வயலும் அதனோடு பெரியப்பா குடும்பமும் மூத்தவருக்கு. வீடும் கிணறும் மாடுகளும், அதனோடு நாங்கள் மூவரும் இளையவருக்கு. அடுத்த கிழமை பெரியப்பா சட்டி பானையோடு வண்டி ஏறினார். அப்பாவின் தனிமை அன்று தொடங்கியது என்றே நினைக்கிறேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஊரில் சிரித்தார்கள்.

"படிச்சு அரசாங்கக் கச்சேரியிலயோ இருக்கப்போறாள் உன்ர பெட்டை?"

"இருந்தா உங்கட கடுதாசியும் அவளிட்டத்தானே வரும்" என்றாராம் அப்பா.

போர் முற்றியபோது அப்பா தனியே டென்மார்க் வந்து சேர்ந்தார். முகாமில் சில மாதம் இருந்து, பிறகு வைலே நகரில் ஓர் அறையும் கோழித் தொழிற்சாலையில் வேலையும் பெற்றார். அதே போர், எங்களைப் பங்காகப் பெற்ற இளையவரான சின்ன நயினாரையும் துரத்தி அதே நகருக்கு, அதே தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. இருவருக்கும் ஒரே வெள்ளை மேலங்கி, காலில் ஒரே ரப்பர் சப்பாத்து. ஆனாலும் சாப்பாட்டு அறைக்குள் அவர் வந்தால் அப்பா எழும்பிவிடுவார்.

"இஞ்ச ஏன்டா எழும்புறாய்? இரு. எல்லாரும் பாக்கிறாங்கள்."

"கால் தானா எழும்புது நயினார், நான் என்ன செய்ய?"

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அப்போது வைலேயில் எங்கள் ஊரவர் என்று வேறு யாரும் இல்லை. ஆகவே அப்பாவின் கடிதங்கள் எல்லாம் சின்ன நயினாரின் கையெழுத்திலேயே எங்களுக்கு வந்தன. "நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவும்." அதற்கு மேல் ஒரு சொல் இராது. அம்மா ஒவ்வொரு கடிதத்தையும் என்னிடம் தந்து, "வேற ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்பார். இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்கும் கடிதத்தில் ஒரு மனிதர் தம் மனைவிக்கு என்னதான் சொல்லமுடியும்?

சொல்ல முடியாததை அவர் வேறு விதமாகச் செய்திருக்கிறார். ஒவ்வொரு பனிக்காலம் முடியும்போதும் அம்மாவுக்கு ஒரு சோடியும் எனக்கு ஒரு சோடியும் பனிச் சப்பாத்து வாங்கி அலுமாரியில் வைத்தார். என் சோடி வருடத்துக்கு வருடம் ஓர் அளவு பெரிது. என் கால் வளர்வதைத் தம் மனத்துக்குள்ளேயே அளந்திருக்கிறார்.

எங்களைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, குடும்பம் என்பதற்கு அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். பெற்றோரின் கலியாணம் பதியப்படவில்லை. என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை. அப்பா சின்ன நயினாரிடம் போனார். அங்கே நடந்த பேச்சை அப்பா பின்னர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நயினார், அந்தப் பங்குக் கடுதாசி உங்களிட்ட இருக்கோ? எங்கட மூண்டு பேரின்ர பேரும் ஒண்டா எழுதினது அதில மட்டும்தான்."

"அதில உங்களை என்னெண்டு எழுதிக்கிடக்கெண்டு தெரியுமே?"

"தெரியும். நிண்டு கேட்டனான்."

"டேனிஷில மாத்தினா அவங்கள் வாசிப்பாங்களடா. என்னைப் பற்றி என்ன நினைப்பாங்கள்?"

"என்னைப் பற்றியும்தான் நினைப்பாங்கள், நயினார். மனிசியும் பிள்ளையும் வந்தாப் போதும்."

ஒரு மாதம் பிந்தி அவர் பிரதியைத் தந்தார். இவர்கள் மூவரும் ஒரு குடும்பம் எனத் தாம் அறிவதாகக் கீழே தம் கைப்பட எழுதியும் தந்தார். வெளியில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டார். அப்பா வாக்குக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. வருடங்கள் போயின. அந்தக் காலத்தில் தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்கள் நீதி அமைச்சில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. இன்று டென்மார்க் முழுவதும் தமிழ் வழக்கு என்று பேசப்படுவது அதுதான். அப்பாவுக்கு அது தெரியாது. அந்தத் தாளில் எழுதியிருந்ததை வாசித்துத்தான் எங்களை மறுக்கிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார். கொடுத்த வாக்கினால் யாரிடமும் கேட்கவும் இல்லை. அந்த அறையில் அந்த நினைப்போடு அவர் தனியே இருந்ததை எண்ணினால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியில் அந்தத் தடை நீங்கி நாங்கள் வந்து சேர்ந்தோம். வந்த அன்றே அப்பா அந்தப் பிரதியை என் கையில் தந்தார்.

"வாசி பிள்ளை."

வாசித்தேன். வீடு, கிணறு, மாடு, பிறகு எங்கள் மூவரின் பெயர், பிறகு ஆடு.

அப்பா சிரித்தார். "பாத்தியே? ஆட்டுக்கு முதல் எழுதியிருக்கினம். மரியாதைதான்."

ஒன்பது மாதம் ஒன்றாக இருந்தோம். ஒரு காலை வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தார். பிறகு எழும்பவில்லை.

செத்தவீட்டு மண்டபத்துக்கு முதலில் வந்தவர் சின்ன நயினார். அவரைக் கண்டதும் அழுதுகொண்டிருந்த அம்மா எழும்பினார்.

"இருங்கோ அக்கா" என்றார் அவர். அதுவரை அம்மாவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவர். பின்னேரம் வரை, வேறு ஊர்களிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குத் தேநீர் கொடுத்துக் கோப்பை கழுவினார்.

சில வாரம் கழித்து, இறந்தவரின் சொத்தைப் பார்க்கும் ஸ்கிப்டெரெட் நீதிமன்றத்துக்கு எங்களை அழைத்தார்கள். எழுதுநர் ஒரு பெண். அப்பா விட்டுச்சென்றவை என்ன என்று கேட்டார். நான் தட்டுத்தடுமாறிய டேனிஷில் சொல்லி, அம்மாவுக்கும் சொன்னேன்: கட்டில், சைக்கிள், சோறு அவிக்கும் மின்பானை, போடாத பனிச் சப்பாத்துகள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "எங்கட பேரையும் சொல்லு பிள்ளை."

"எதில அம்மா?"

"அந்தச் சாமான் எழுதுற தாளில. விட்டுப்போட்டா பிறகு எங்களை ஆரிட்டப் போகச் சொல்லுவினமோ!"

அம்மா கண்ட ஒரே பங்கு பிரிப்பில் ஆட்களையும் எழுதியிருந்தார்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டார். அவ்வளவு படித்தும் அதை டேனிஷில் சொல்லாமல் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"எங்கட பேர் மற்றத் தாளில இருக்கம்மா" என்று, வாரிசுகளை எழுதிய தாளை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப நாங்கள் ஆரின்ர பங்கு?"

"ஒருத்தரின்ர பங்கும் இல்லை. இதெல்லாம்தான் எங்கட பங்கு."

அம்மா சாமான் எழுதிய தாளைத் தம் பக்கம் இழுத்தார். "அந்தச் சப்பாத்துமோ?"

"ஓம் அம்மா. சப்பாத்தும்."

இதை மலரில் எழுதலாமோ என்று சின்ன நயினாரிடம் கேட்டேன். "என்ர பேரைப் போடாதை தங்கச்சி. மற்றதெல்லாம் எழுது" என்றார். அந்தத் தாளைத் தந்ததற்கும், இந்த அனுமதிக்கும் அவருக்கு எங்கள் நன்றி. அப்பாவைத் தோளில் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், சமைத்து அனுப்பிய வைலே வீடுகளுக்கும், வன்னியிலிருந்து தம்பிக்காக மூன்று நாள் உண்ணாமல் இருந்த பெரியப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

எனக்கு வாங்கிய சோடிகள் ஒன்றும் எனக்கு அளவில்லை. அப்பா நினைத்ததைவிட என் கால் வளர்ந்துவிட்டது. அம்மாவுடையவை சரியான அளவு. ஆண்டுத் திவசத்தன்று மண்டபத்துக்கு அம்மா அந்தப் பழுப்பு நிறப் பனிச் சப்பாத்தோடு வருவார். வெளியில் பனி இல்லாவிட்டாலும் போட்டுக்கொண்டுதான் வருவார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் மற்றவருக்கு விட்டுச்சென்ற முதல் சொத்து அது.